வளாகக் கணிப்பொறி உதவிப் பணிகளும் தமிழாய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் கணிப்பொறி நுழைந்த வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த ஆண்டில் எந்தப் பொறி எந்த வளாகத்திற்கு வந்தது என்பதை அறிய முடிகிறது. அப்பொறியின்முன் முதன்முதலாக அமர்ந்த ஆசிரியருக்கும் மாணவருக்கும் வழிகாட்டியவர் யார், பழுதை நீக்கியவர் யார், ஒரு பொறியிலிருந்து மறுபொறிக்குக் கோப்புகளை மாற்றித் தந்தவர் யார் என்பன பற்றிய செய்திகள் அருகியே கிடைக்கின்றன. உதவிப் பணி என்பது ஆய்வுக்குப் புறம்பானது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

தமிழ்த்துறைகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. எழுத்துக் குறியேற்றம் ஒன்று மாறும்போது ஓர் ஆய்வேடு முழுவதும் படிக்க இயலாததாகிவிடும் நிலை தமிழுக்கு நேர்ந்துள்ளது. அந்நிலையில் வளாகக் கணிப்பொறி மையத்தின் உதவி, நூலைக் காக்கும் பணியாகவே அமைகிறது. இந்திய வளாகங்களில் கணிப்பொறி உதவிப் பணிகள் வளர்ந்த முறையையும், அவை தமிழாய்வைத் தொட்டதும் தொடாததுமான இடங்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பொறியும் பயிற்சியும்

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955இல் எச்.இ.சி. 2எம் என்னும் பொறி வந்தது. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே உருவாக்கிய டிஃப்ராக் 1960இல் இயங்கத் தொடங்கியது. இவை ஆய்வு நிறுவனங்களின் பொறிகள். பயன்படுத்தியோர் தொகையும் குறைவு. வளாகம் முழுவதற்குமான உதவிப் பணி என்னும் கருத்து வேரூன்றிய இடம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகும்.

ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் துணைநின்ற கான்பூர் இந்திய அமெரிக்கத் திட்டம் 1962 முதல் 1972 வரை நடைபெற்றது. அதன்வழி 1963இல் ஐ.பி.எம். 1620 என்னும் பொறி கான்பூருக்கு வந்தது. அதனை மாணவரும் ஆசிரியரும் நேரடியாகப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதுவதற்கான குறுகிய காலத் தீவிரப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. நாட்டின் பிற நிறுவனங்களைச் சேர்ந்த ஆசிரியர்களும் அறிவியலறிஞர்களும் இவ்வகுப்புகளில் கலந்துகொண்டனர்.

இப்பயிற்சிப் பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஈரோட்டில் 1933இல் பிறந்த வி. இராசாராமன் ஆவார். கணிப்பொறி நிரலாக்கக் கொள்கைகள் பற்றிய அவரது பாடநூல் 1969இல் வெளிவந்தது. கான்பூர் வகுப்புகளில் கற்பித்த அனுபவம் இந்நூலுக்கு அடிப்படையாயிற்று. வளாகத்தினருக்கு அளிக்கப்பட்ட வழிகாட்டுதல் நூல் வடிவம் பெற்று நாடெங்கும் பரவியமைக்கு இதனைத் தக்க சான்றாகக் கொள்ளலாம்.

இக்காலப் பொறிகள் துளையிட்ட அட்டைகள்வழி உள்ளீடு பெற்றன. 80 நெடுவரிசைகள் கொண்ட அவ்வட்டையில் ஆங்கிலப் பேரெழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றுக்கே இடமிருந்தது. இந்திய எழுத்துகள் எவற்றுக்கும் அதில் இடமில்லை. எனவே மொழித்துறையினர் கணிப்பொறியை நாடவேண்டுமாயின், தம் எழுத்தை எண்ணாகவோ உரோமன் எழுத்தாகவோ மாற்றிக்கொண்டே நாட வேண்டியிருந்தது.

2. எண்ணாக மாறிய எழுத்து

இம்மாற்றத்தைத் திறம்படச் செய்து காட்டிய பணி ஐராவதம் மகாதேவனின் சிந்துவெளி எழுத்துத் தொடரடைவாகும். இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக 1977இல் வந்த இந்நூல், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறி உதவியுடன் உருவாக்கப்பட்டது. சிந்துவெளிக் குறியீடுகள் 417 என வரையறுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கணிப்பொறி அவ்வெண்களையே வரிசைப்படுத்தியது. குறியீடு எது, அதற்குரிய எண் எது என்பதைக் காட்டும் பட்டியல் நூலிலேயே இடம்பெற்றது.

இதில் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, மொழியாய்வாளர் ஒருவரின் வினாவைப் பொறிக்குரிய வடிவில் மாற்றித் தருவதற்கு நிரலாக்க அறிவுடையோரின் துணை இன்றியமையாததாக இருந்தது. இரண்டாவது, எழுத்தையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வெளியிடப்பட்டமையால், அக்கணிப்பொறி வழக்கொழிந்த பின்னரும் தரவு வழக்கொழியவில்லை. இன்னும் படித்தறியப்படாத ஓர் எழுத்துமுறையின் தரவு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பயன்படுகிறது. நன்கு படித்தறிந்த தமிழ் எழுத்தில் இருபது, முப்பது ஆண்டுகளுக்குமுன் தட்டச்சிடப்பட்ட கோப்புகள் பல இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. இம்முரணுக்கான காரணத்தைப் பின்வரும் பகுதிகள் விளக்கும்.

3. பராமரிப்பு தனிப்பணியாதல்

ஐ.பி.எம். நிறுவனம் தன் பொறிகளைப் பெரும்பாலும் வாடகைக்கே அளித்துவந்தது. பராமரிப்பையும் அதுவே மேற்கொண்டது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் (1973) வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குரிமையைக் குறைக்குமாறு வற்புறுத்தியதை ஏற்காது, அந்நிறுவனம் 1978இல் இந்தியாவைவிட்டு வெளியேறியது. பொறிகள் இங்கேயே இருந்தன; அவற்றைப் பேணியோர் இல்லை என்னும் நிலை உருவாகவிருந்தது. நடுவண் அரசு 1975இலேயே கணிப்பொறிப் பராமரிப்புக் கழகத்தை அமைத்திருந்தமையால் அந்நிலை தவிர்க்கப்பட்டது. ஐ.பி.எம். பொறிகளின் பராமரிப்பு அக்கழகத்தின் பொறுப்பாயிற்று. இந்தியக் கணிப்பொறி வரலாற்றில் பராமரிப்பு என்னும் சொல்லையே பெயராகக் கொண்டு ஓர் அரசு நிறுவனம் எழுந்தமை கருதத்தக்கது. சி.எம்.சி. எனப் பின்னர் வழங்கிய அது தனியார் வசமாகி, 2015இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 போன்ற பெரும்பொறிகள் ஒரே மையத்தில் இருந்தன. பயனர் மையத்தை நாடிச் சென்றனர். மையத்திலிருந்தோர் பயனரை முகமறிந்து உதவினர். 1980களின் பிற்பகுதியில் தனியாள் கணிப்பொறி துறைதோறும் வந்தபோது இவ்வுறவு மாறியது. பொறி துறைக்கு வந்தது. உதவியாளர் மையத்திலேயே இருந்தார். அறிவியல் துறைகளில் ஆய்வு மாணவர்களே அவ்விடத்தை நிரப்பினர். மொழித்துறைகளில் அவ்வாறு நிரப்புவோர் அரியர். வளாகத்திற்கு வெளியிலிருந்த தட்டச்சு நிலையங்களும் அச்சகங்களும் அவ்விடத்தைப் பிடித்தன. தமிழ் ஆய்வேட்டின் மின்வடிவம் துறையின் கையைவிட்டு அகன்றது இக்கட்டத்திலேயாகும்.

4. வலையமைப்பும் நூலகமும்

நடுவண் அரசின் மின்னணுத்துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. பம்பாய், தில்லி, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத்துறை ஆகியன இதன் தொடக்க உறுப்பினர்கள். பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்றுதான் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளாகங்கள் மின்னஞ்சலைப் பயன்படுத்தின. உறுப்பினர் பட்டியலை நோக்கின், மொழித்துறைகளைக் கொண்ட பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் இவ்வட்டத்திற்குள் இல்லை என்பது தெளிவாகும்.

அப்பல்கலைக்கழகங்களை எட்டியது நூலகவழி வந்த உதவியாகும். பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் திட்டம் 1996இல் தன்னாட்சி மையமாயிற்று. நூலகப் பணியாளர்க்குப் பயிற்சி, சோல் என்னும் நூலக மேலாண்மை மென்பொருள், 2002இல் தொடங்கப்பட்ட யு.ஜி.சி. இன்ஃபோநெட் இணைய இணைப்பு எனப் பல பணிகளை இம்மையம் மேற்கொண்டது. 2009இல் தொடங்கிய தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழித் தேசியக் கல்வி இயக்கமும், 2010இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பும் பல்கலைக்கழகங்களுக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் அளவிலான இணைப்பைக் கொண்டுசேர்த்தன.

இணைப்பு விரைவடைந்தது, அதன்வழிச் செல்லவேண்டிய தமிழ் எழுத்துகளின் நிலை ஒழுங்குபடாமல் இருந்தது.

5. எழுத்துருப் பெருக்கமும் பாடவேறுபாடும்

கான்பூரில் உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பம் இந்திய எழுத்துகளைக் கணிப்பொறித் திரையில் கொணர்ந்தது. 1988இல் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனம் அதனை வளர்த்தது. இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியேற்றமாகிய இஸ்கி 1991இல் இந்தியத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் 1990களில் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் கொண்ட தமிழ்த் தரவகம் தொகுக்கப்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் இலங்காஸ்டர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து வெளியிடப்பட்ட எமில் தரவகத்தின் வழியாக இத்தகைய இந்திய மொழித் தரவுகள் ஒருங்குறி வடிவம் பெற்றன. குறியேற்றப் பட்டியல் வெளிப்படையாக இருந்ததனால் அம்மாற்றம் இயன்றது.

ஆயின் துறைகளிலும் அச்சகங்களிலும் நிலவியது வேறு நிலை. எட்டுத்துணுக்குக் குறியேற்றத்தில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்குரியது. எஞ்சிய இடங்களில் தமிழ் எழுத்துகளை அமைப்பதில் எழுத்துரு உருவாக்கியோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைக் கையாண்டனர். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமைத்தன. அத்தகைய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குவியலே காணப்படும்.

இதனை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் வளாகங்களுக்கு வெளியிலிருந்தே மிகுதியும் எழுந்தன. சிங்கப்பூரில் 1997இலும் சென்னையில் 1999இலும் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடுகள் குறியேற்றச் சிக்கலை விவாதித்தன. சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கிய ஆர்வலர்கள் டிஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் இத்தகைய எட்டுத்துணுக்குக் குறியேற்றங்களிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. தொகுத்த நூல்களைப் புதிய குறியேற்றத்திற்கு மாற்றும் பொறுப்பையும் அதுவே ஏற்றுக்கொண்டதனால் அத்திட்டத்தின் பணி வீணாகவில்லை.

குறியேற்ற மாற்றத்தில் நேரும் பிழைகள் தமிழறிஞர்க்குப் புதியன அல்ல. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. பதிப்பாசிரியர்கள் யாப்பையும் பொருளையும் கொண்டே சரியான பாடத்தைத் தெளிந்தனர். எட்டுத்துணுக்கு எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாறும் கோப்புகளிலும் இதே இடர்ப்பாடுகள் தலைகாட்டுகின்றன. தட்டச்சர் கண்ணுக்கு ஒத்த வடிவமே போதுமெனக் கருதிக் காலுக்கு ரகரத்தையும், ஔகாரத்தின் இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் இட்டிருப்பர். தாளில் வேறுபாடு தெரிவதில்லை. மாற்றியபின் தேடினால் அச்சொல் அகப்படுவதில்லை. சுவடியில் எழுதியோன் செய்த மயக்கமும் கணிப்பொறியில் தட்டச்சர் செய்த மயக்கமும் ஒரே இனத்தன. ஆகவே இப்பிழைகளைக் களையும் பயிற்சி கணிப்பொறி வல்லுநரைவிடப் பாடத்திறனாய்வு கற்ற தமிழாய்வாளரிடமே மிகுதியாக உள்ளது எனலாம்.

6. ஒருங்குறியும் நிறுவப்படாத ஒரு வசதியும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. அதனைத் திரையில் காட்டும் வசதி விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் கிடைத்தது. எனினும் வளாகங்களில் ஒருங்குறி பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. இத்தாமதத்திற்குப் பெரும் கொள்கைக் காரணங்களை மட்டும் தேடவேண்டியதில்லை. அன்றாட உதவிப் பணியோடு தொடர்புடைய இரு காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் தமிழ் முதலான சிக்கலான எழுத்துகளுக்கான வசதி இயல்பாக இயங்குவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழி அமைப்புப் பகுதியில் ஒரு கட்டத்தைத் தெரிவுசெய்து, இயங்குதளக் குறுவட்டிலிருந்து கோப்புகளை நிறுவவேண்டும். அதற்கு மேலாளர் உரிமை வேண்டும். பொது ஆய்வகத்தில் அமரும் மாணவருக்கு அவ்வுரிமை இராது. நிறுவாவிடின் கொம்பு மெய்க்குப்பின் சென்று நிற்கும். தமிழ் சிதைந்து தோன்றும். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளர் அச்சிதைவைக் காணவும் இயலாது. தில்லி, வாரணாசி, அலிகார் முதலிய தமிழகத்திற்கு வெளியிலுள்ள வளாகங்களில் தமிழ் கற்பிப்போர், தம் தேவையைத் தாமே எடுத்துரைத்தாலன்றி அவ்வசதி கிடைத்தற்கு வழியில்லை.

இரண்டாவது, நூல்களும் ஆய்விதழ்களும் பக்கமாக்கப்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறியை ஏற்கவில்லை. ஒருங்குறியில் எழுதிய கட்டுரையும் அச்சுக்குச் செல்லும்போது பழைய எழுத்துருவுக்கு மாற்றப்பட்டது. திருத்தங்கள் அப்பழைய வடிவிலேயே நிகழ்ந்தன. இறுதிப் பாடம் அச்சகத்தில் தங்கியது. ஆசிரியர் கையிலிருந்தது திருந்தாத பாடமாயிற்று.

கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும், 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடமளிக்கும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. பின்வந்த இயங்குதளங்களும் கைப்பேசிகளும் ஒருங்குறியை இயல்பாகவே கொண்டுவந்தன. புதியன எழுதுவதில் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. முன்னர் எழுதப்பட்டவற்றின் நிலையே எஞ்சிய சிக்கலாகும்.

7. ஆய்வேடுகள் மின்வடிவாதல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்வடிவை அளிக்குமாறு வரையறுத்தது. அவற்றைத் தொகுக்கும் சோத்கங்கா களஞ்சியத்தை இன்ஃப்ளிப்நெட் மையம் உருவாக்கியது. ஆய்வேடு ஒன்றை நேரில் காண ஒரு பல்கலைக்கழக நூலகத்திற்கே செல்லவேண்டியிருந்த நிலை மாறியது. நாடு முழுவதும் பரந்துள்ள தமிழாய்வாளர்க்கு இதனால் விளைந்த நன்மை பெரிது.

ஆயின் களஞ்சியத்தில் சேர்ந்த ஆய்வேடு கண்ணுக்குத் தெரிவது வேறு, கணிப்பொறிக்குத் தெரிவது வேறு. எட்டுத்துணுக்கு எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பி.டி.எஃப். ஆக்கப்பட்ட ஆய்வேட்டில் எழுத்துரு உள்ளடங்கியிருப்பின் பக்கம் தமிழாகவே தோன்றும். அதன் அடியில் உள்ள உரை தமிழன்று. அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. மேற்கோளைப் படியெடுத்தால் குறிக்குவியலே வரும். வருடிப் படமாக்கப்பட்ட ஆய்வேடுகளில் உரையே இராது.

கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குமுறை 2018இல் வந்தபின் இக்குறை மேலும் பொருளுடையதாயிற்று. உரை ஒப்புமை காணும் மென்பொருள், குறியேற்றம் தவறிய உரையைத் தமிழாகக் கொள்ள இயலாது. முன்னைய ஆய்வேடு ஒன்றிலிருந்து எடுத்தாளப்பட்ட பகுதி கண்டறியப்படாமலே போகலாம். முன்னோர் செய்த ஆய்வு தேடலில் அகப்படாமையால், அதே தலைப்பில் மீண்டும் ஆய்வு நிகழவும் இடமுண்டு. முதல் நிலை ஆய்வு நேர்மையைப் பாதிக்கும். இரண்டாம் நிலை ஆய்வாளரின் உழைப்பை வீணாக்கும்.

8. செய்தற்குரியன

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில், தமிழ்த்துறையும் கணிப்பொறி மையமும் இணைந்து ஆற்றவேண்டிய பணிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) ஆய்வேட்டின் பி.டி.எஃப். வடிவோடு அதன் மூலக் கோப்பையும் துறை பெற்றுக் காக்கவேண்டும். பழைய எழுத்துருவில் அமைந்திருப்பின் அவ்வெழுத்துருவின் பெயரையும் குறியேற்றத்தின் பெயரையும் உடன் குறித்துவைத்தல் வேண்டும்.

ஆ) குறுவட்டுகளிலும் நெகிழ்வட்டுகளிலும் உள்ள கோப்புகளை, அவற்றைப் படிக்கும் கருவிகள் கிட்டும்போதே வேறிடத்தில் படியெடுக்கவேண்டும்.

இ) ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலத்தை அழித்தல் கூடாது. மாற்றிய பாடத்தை அச்சுப்படியோடு ஒப்புநோக்கவேண்டும். கால், ரகரம், ஔகாரம், கொம்பு, கிரந்த எழுத்துகள் ஆகியவற்றைத் தனியே சரிபார்த்தல் நலம்.

ஈ) புதிய ஆய்வேடு ஒன்றை ஏற்குமுன், அதிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து எளிய உரைக்கோப்பில் ஒட்டிப் பார்த்தாலே குறியேற்றம் செம்மையாக உள்ளதா என்பது விளங்கும். சில நொடிகளில் முடியும் இச்சோதனை பிற்காலத்து நெடும்பணியைத் தவிர்க்கும்.

உ) உதவிப் பணியாளர் தீர்த்துவைத்த சிக்கலையும் தீர்த்த முறையையும் எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று துறையில் இருத்தல் வேண்டும். பணியாளர் மாறினும் அறிவு மாறாது நிற்க அதுவே வழி.

முடிவுரை

இந்திய வளாகங்களில் கணிப்பொறி உதவிப் பணி பயிற்சியாகத் தொடங்கி, பராமரிப்பாக வளர்ந்து, இணைப்பாகவும் களஞ்சியமாகவும் விரிந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் மொழித்துறைகள் அதன் விளிம்பிலேயே நின்றன என்பது இக்கட்டுரையால் பெறப்படும் முதல் முடிவாகும். எழுத்தையும் குறியையும் இணைக்கும் பட்டியல் வெளிப்படையாக இருந்த தரவுகள் பொறித் தலைமுறைகளைக் கடந்து நிலைத்தன. அது தனியார் உடைமையாகவோ பதிவின்றியோ இருந்த கோப்புகள் நிலைகுலைந்தன என்பது இரண்டாவது முடிவு. சிந்துவெளித் தொடரடைவும் மைசூர்த் தரவகமும் மதுரைத் திட்டமும் முதல் வகைக்குச் சான்றுகள். ஆய்வேடுகளின் தேட இயலாத பக்கங்கள் இரண்டாம் வகைக்குச் சான்றுகள்.

சுவடி பெயர்த்தெழுதுவோரின்றேல் பழந்தமிழ் நூல்கள் அச்சுக் காலத்தை எட்டியிரா. அப்பெயர்த்தெழுதும் பணி இன்று கோப்பு மாற்றமாக வடிவம் கொண்டுள்ளது. கணிப்பொறி மையம் கருவியை அறியும்; தமிழ்த்துறை பாடத்தை அறியும். 1990களிலும் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலும் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகளின் ஆசிரியர்களும் தட்டச்சர்களும் நம்மிடையே இருக்கும்போதே இவ்விரு அறிவும் ஒன்றுசேர்தல் வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதைக் கேட்டறிவதற்கு அவர்களைவிடச் சிறந்த சான்று பிறிதில்லை.